முடிச்சும் எழுத்தும்: இன்கா கார்சிலாசோவின் வாழ்வும் பணியும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 23ஆம் நாள் உலகப் புத்தக நாளாகக் கொண்டாடப் பெறுகிறது. 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நாளைத் தெரிவு செய்தபோது, 1616ஆம் ஆண்டில் அந்நாளை ஒட்டி மறைந்த மூன்று எழுத்தாளர்களை நினைவிற் கொண்டது. ஒருவர் ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியர். மற்றொருவர் ஸ்பானிய மொழியின் தலைசிறந்த புதின ஆசிரியர் செர்வாண்டிஸ். புத்தக நாள் மேடைகளில் இவ்விருவர் பெயரும் தவறாமல் ஒலிக்கும். மூன்றாமவர் பெயர் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டிற் பிறந்து, ஸ்பெயினில் வாழ்ந்து மறைந்த இன்கா கார்சிலாசோ டி லா வேகா என்பவரே அம்மூன்றாமவர்.

வென்றவர் எழுதுவதே வரலாறு என்பர். தோற்றவர்களின் வரலாற்றை, வென்றவர் மொழியிலேயே, வென்றவர் நாட்டில் அமர்ந்தே எழுதி நிலைநிறுத்தியவர் கார்சிலாசோ. அவ்வாறு எழுதுவதற்கு அவரைத் தூண்டியது வேறொருவர் எழுதிய ஒரு வரலாற்றுக் குறிப்பு என்பது வியப்புக்குரியது. அவ்வாழ்வைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு குருதியின் மகன்

இன்கா பேரரசு ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுகப் பரவியிருந்த பெரும் அரசு. 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், பிரான்சிஸ்கோ பிசாரோ தலைமையில் வந்த ஸ்பானியப் படையினர் கஹமார்க்கா என்னும் ஊரில் இன்கா மன்னர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு அவரைக் கொன்றனர். தலைநகரான குஸ்கோவும் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது.

அவ்வீழ்ச்சிக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1539ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், குஸ்கோ நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர் செபாஸ்டியான் கார்சிலாசோ டி லா வேகா. தாய் சிம்ப்பு ஒக்லோ என்னும் இன்கா இளவரசி. இவ்வம்மையார் மாமன்னர் துப்பாக் இன்கா யுப்பான்கியின் பேர்த்தி. மற்றொரு மாமன்னரான வைனா கப்பாக்கின் உடன்பிறந்தார் மகள். திருமுழுக்கின்போது அவருக்கு இசபெல் என்று பெயரிடப் பெற்றது. தந்தைக்கும் தாய்க்கும் முறைப்படி திருமணம் நடைபெறவில்லை. குழந்தைக்குத் தந்தையின் பெயர் சூட்டப்படவில்லை; தந்தைவழி முன்னோர் ஒருவரின் பெயரான கோமெஸ் சுவாரெஸ் டி ஃபிகெரோவா என்பதே அதன் பெயராயிற்று. தந்தையின் பெயரைத் தாமே எடுத்துக்கொள்ளும் நாளுக்காக அம்மைந்தர் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் தாயின் மடியிற் கற்ற மொழி கெச்சுவா. அதனைத் தாய்ப்பாலோடு பருகியதாகப் பிற்காலத்தில் அவர் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். அத்தவால்பாவின் படையினர் குஸ்கோ அரச குடும்பத்தைக் கொன்று குவித்தபோது உயிர் தப்பிய சிலருள் தாயும் அவருடைய உறவினர் சிலரும் அடங்குவர். அவர்கள் வாரந்தோறும் தாயைக் காண வருவர். பழைய அரசின் பெருமைகளைப் பேசுவர். பேச்சின் முடிவில் ஆண்ட குலம் அடிமைக் குலம் ஆனதை எண்ணிக் கண்ணீர் வடிப்பர். சிறுவர் அருகே விளையாடியவாறே இவற்றைச் செவிமடுப்பார்.

பதினாறு, பதினேழு வயதில் ஒருநாள், தாய்வழி மாமன் முறையினரான முதியவர் ஒருவரிடம் அவர் ஒரு வினாத் தொடுத்தார். ஸ்பானியருக்கு நூல்கள் உண்டு. தம் மன்னர்களின் காலத்தை அவர்கள் எளிதிற் கூறுவர். எழுத்தில்லாத நமக்கு முன்னோர் வரலாறு எங்ஙனம் தெரியும் என்பதே அவ்வினா. முதியவர் மகிழ்ந்து, கேட்பதை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுமாறு பணித்து, குலக்கதையை உரைத்தார். கதிரவன் தன் மகனையும் மகளையும் தித்திகாகா ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, கையில் ஒரு பொற்கோலையும் தந்தது. அக்கோல் ஒரே குத்தில் எவ்விடத்தில் மண்ணுள் மறைகிறதோ அவ்விடத்தில் நகர் அமைக்கச் சொன்னது. அவ்வாறு அமைந்ததே குஸ்கோ என்பது அக்கதை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து நூலில் ஏறிய கதைகளுக்கு அன்றைய வினாவே வித்தாக அமைந்தது.

முடிச்சுக் கணக்கு

இன்கா மக்களிடம் எழுத்து இல்லையெனினும் பதிவு இல்லாமல் இல்லை. கிப்பு என்னும் கயிற்றுக் கணக்கு அவர்களிடம் வழங்கியது. ஒரு தடித்த கயிற்றிலிருந்து பல மெல்லிய கயிறுகள் தொங்கும். கயிற்றின் நிறம் எப்பொருளின் கணக்கு என்பதைக் காட்டும். முடிச்சு இருக்கும் இடம் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்னும் இடமதிப்பைக் காட்டும். மக்கள் தொகை, விளைச்சல், படைவீரர் எண்ணிக்கை ஆகிய யாவும் இக்கயிறுகளில் ஏறின. அவற்றைக் காப்பதற்கெனத் தனி அலுவலர் ஊர்தோறும் இருந்தனர்.

தந்தைக்கு உரிமையாக்கப்பட்ட ஊர்களின் மக்கள் ஆண்டிற்கு இருமுறை திறை செலுத்த நகருக்கு வருவர். ஸ்பானியர் எழுதிவைத்த கணக்கில் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. ஆகவே ஊர்த்தலைவர்கள் தாயை அணுகி, மகனைக் கொண்டு தங்கள் முடிச்சுகளையும் ஸ்பானியரின் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுமாறு வேண்டுவர். சிறுவர் ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் ஏட்டையும் வைத்துச் சரிபார்த்துச் சொல்வார். இரு தரப்பாரின் பதிவையும் படிக்கத் தெரிந்தவராய், இருவருக்கும் இடையே நம்பிக்கைக்குரிய சாட்சியாய் அவர் நின்ற முதல் நிகழ்வுகள் இவையே. பின்னாளில் அவர் செய்த பெரும்பணியும் இதுவே.

இலத்தீன் கற்பித்த பாதிரியார் ஹுவான் டி கியூயாரிடம், தம்மைப் போன்ற கலப்புக் குடிச் சிறுவர்களோடு அவர் பயின்றார். படிப்பைவிடக் குதிரையும் படைக்கலமுமே அவர்களை ஈர்த்தன. குஸ்கோவில் முதன்முதலாக எருதுகள் ஏர் பூட்டி உழுத காட்சியைக் காணப் பள்ளியைத் துறந்து ஓடியதையும், அதற்காகத் தந்தை ஒரு பன்னிரண்டும் ஆசிரியர் ஒரு பன்னிரண்டுமாகக் கசையடி கொடுத்ததையும் முதுமையில் அவர் நகையுணர்வோடு எழுதினார். அந்த எருதுகளுள் மூன்றின் பெயர்களைக்கூட அவர் மறக்கவில்லை.

ஆயினும் அவ்விளமைக் காலம் இன்பமயமானதன்று. வென்ற ஸ்பானியர் தமக்குள்ளேயே போரிட்டனர். கொன்சாலோ பிசாரோ அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தபோது தந்தை நகரை விட்டுத் தப்பியோடினார். பகைவர் வீட்டைச் சூழ்ந்தனர். தாயும் குழந்தைகளும் உள்ளே பசியால் வாடினர். இன்கா உறவினர் மறைவாகக் கொண்டுவந்த உணவே அவர்களைக் காத்தது. 1549ஆம் ஆண்டில் மற்றொரு பேரிடி விழுந்தது. தந்தை லூயிசா மார்த்தெல் என்னும் ஸ்பானியப் பெண்ணை முறைப்படி மணந்தார். இளவரசியாய்ப் பிறந்த தாய் அவ்வீட்டை விட்டு வெளியேறித் தாழ்ந்த நிலையிலிருந்த ஹுவான் டெல் பெத்ரோச்சே என்னும் ஸ்பானியரை மணக்க நேர்ந்தது. பத்து வயதுச் சிறுவர் தந்தையின் இல்லத்தில் வளர்ந்தார்; தந்தை நகரத் தலைமை அலுவலராய் விளங்கிய காலத்தில் அவருடைய கடிதங்களை எழுதும் எழுத்தராகவும் இருந்தார்.

பிரியும் முன் கண்ட காட்சி

1559ஆம் ஆண்டில் தந்தை மறைந்தார். மகன் ஸ்பெயின் சென்று கல்வி கற்க நாலாயிரம் பெசோ பணம் விட்டுச் சென்றிருந்தார். 1560ஆம் ஆண்டு சனவரியில் இருபது வயது இளைஞர் தாயை விட்டுப் புறப்பட்டார்.

புறப்படுமுன், விடைபெறுவதற்காக, போலோ டி ஒந்தேகார்தோ என்னும் அரசு அலுவலரின் இல்லத்திற்குச் சென்றார். அங்கே ஓர் அறையில், தேடிக் கண்டெடுக்கப்பட்ட ஐந்து உடல்கள் வைக்கப்பட்டிருந்தன. மூவர் இன்கா மன்னர், இருவர் அரசியர். உடல் கெடாது காக்கப்பெற்று, தலையில் அரச அணியோடு, கைகளை மார்பின்மேல் மடித்து, கண்களைத் தாழ்த்தி அமர்ந்த நிலையில் அவை இருந்தன. இளைஞர் தம் பாட்டன் முறையினரான வைனா கப்பாக்கின் விரலைத் தொட்டுப் பார்த்தார். அது மரம்போல் விறைத்திருந்தது. பின்னர் அவ்வுடல்கள் வெள்ளைத் துணியால் மூடப்பட்டு லீமாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, வழிநெடுக மக்கள் மண்டியிட்டு அழுதனர் என்றும், ஸ்பானியரும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இந்நினைவோடு கடலேறிய அவர் பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கவில்லை. தாயின் முகத்தையும் மீண்டும் காணவில்லை.

கதவடைத்த ஒரு குறிப்பு

ஸ்பெயினை அடைந்தவர் மொன்தீயா என்னும் சிற்றூரில், தந்தையின் உடன்பிறந்தாரான அலோன்சோ டி வர்காஸ் இல்லத்தில் தங்கினார். பின்னர் மாட்ரிட் சென்று, தந்தை அரசனுக்கு ஆற்றிய பணிகளுக்கும் தாய்க்குரிய அரசவுரிமைக்கும் ஈடாகப் பொருளுதவி வேண்டி, அமெரிக்க நாடுகளின் ஆட்சியைக் கவனித்த உயர் அவையில் முறையிட்டார். அவையினர் முதலில் இரங்கும் நிலையில் இருந்தனர். அப்போது லோப்பே கார்சியா டி காஸ்த்ரோ என்னும் உறுப்பினர் ஒரு தடையை எழுப்பினார். 1547ஆம் ஆண்டில் நிகழ்ந்த உவாரினா போரில் கிளர்ச்சித் தலைவன் கொன்சாலோ பிசாரோ குதிரையிழந்து நின்றபோது, இளைஞரின் தந்தை தம் குதிரையைத் தந்து அவனைக் காத்தார் என வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அரசனுக்கு எதிராக நின்றவரின் மகனுக்கு எவ்வகையில் பரிசு தகும் என்பது அவர் கேள்வி.

குதிரை போர் முடிந்த பின்னரே கொடுக்கப்பட்டது என்று மகன் மன்றாடினார். அச்சேறிய நூலின் முன்னே வாய்மொழி எடுபடவில்லை. வரலாற்றாசிரியர் எழுதியதை மறுக்கத் துணிவதா என்ற நிலையில் முறையீடு முடிந்தது. அவருக்கு ஒன்றும் கிட்டவில்லை.

ஒரு நூலில் இடம்பெற்ற குறிப்பு ஒரு மனிதனின் வாழ்வை மூடிவிடும் என்பதை அவர் அன்று உணர்ந்தார். 1563ஆம் ஆண்டில் பெருவுக்குத் திரும்ப இசைவு பெற்றும் அவர் திரும்பவில்லை. அவ்வாண்டிலேயே தம் பழைய பெயரை விடுத்து, எந்தப் பெயர் களங்கமுற்றதோ அந்தத் தந்தையின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். பின்னாளில் அதனோடு இன்கா என்னும் தாய்க்குலச் சொல்லையும் இணைத்தார். ஸ்பானிய வரலாற்றாசிரியர் கோமாரா எழுதிய நூலின் படியொன்றில் அவர் தம் கைப்பட எழுதிய ஓரக் குறிப்புகள் இன்றும் உள்ளன. வெற்று ஓரத்தில் தொடங்கிய மறுமொழியே பின்னர்த் தனி நூலாக விரிந்தது எனலாம்.

தோற்றவர் இருவர்

இவ்விடத்தில் அவர் வாழ்வின் ஒரு பகுதியை மறைக்காது கூறுதல் வேண்டும். கிரனாதா வீழ்ந்த பின் ஸ்பெயினில் எஞ்சிய முஸ்லிம்கள் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்று மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567ஆம் ஆண்டில் மன்னன் இரண்டாம் பிலிப் அவர்கள் அரபு மொழி பேசுவதையும் தம் ஆடை அணிவதையும் தடை செய்தான். 1568ஆம் ஆண்டின் இறுதியில் அல்புஹாராஸ் மலைப்பகுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை ஒடுக்கச் சென்ற படையில் 1570ஆம் ஆண்டு கார்சிலாசோ பணியாற்றிப் படைத்தலைவர் பட்டமும் பெற்றார்.

தம் தாய்மொழியும் குலவழக்கும் அழிக்கப்படுவதைக் கண்டு வருந்தியவர், அதே துயருற்ற மற்றோர் இனத்தின்மீது வாளெடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அரசனுக்கு உண்மையானவன் எனக் காட்டிக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. அப்பணியைப் பெருமையாகவே அவர் குறிப்பிடுகிறார். மாற்றணி மக்களின் துயரை அவர் விரித்தெழுதவில்லை. வாள் அவருக்குப் பட்டத்தைத் தந்ததேயன்றிச் செல்வத்தைத் தரவில்லை. 1571ஆம் ஆண்டில் தாய் குஸ்கோவில் மறைந்தார். 1572ஆம் ஆண்டில் கடைசி இன்காவான துப்பாக் அமாரு அந்நகரப் பெருவெளியில் தலை வெட்டப்பட்டார். கார்சிலாசோ மெல்ல மெல்ல வாளை வைத்து எழுதுகோலை எடுத்தார்.

நூல்கள்

அவருடைய முதல் நூல் ஒரு மொழிபெயர்ப்பு. ஸ்பெயினிலிருந்து 1492ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட யூதக் குடும்பத்தைச் சேர்ந்த லியோன் எப்ரேயோ இத்தாலிய மொழியில் எழுதிய அன்பு பற்றிய உரையாடல்களை ஸ்பானியத்தில் பெயர்த்து, 1590ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் வெளியிட்டார். நூலின் தலைப்பிலேயே தம்மை இந்தியன் என்று, அதாவது அமெரிக்கப் பழங்குடியினன் என்று குறித்தார். ஓர் அமெரிக்கப் பழங்குடி மகன் ஐரோப்பிய மெய்யியலை ஐரோப்பிய மொழியில் பெயர்த்தளித்தது அன்று யாரும் எதிர்பாராதது.

இரண்டாவது நூல் புளோரிடா பற்றியது. எர்னான்தோ டி சோத்தோ 1539 முதல் மேற்கொண்ட வட அமெரிக்கப் படையெடுப்பில் பங்கேற்ற கொன்சாலோ சில்வெஸ்த்ரே என்னும் முதிய வீரரைப் பலமுறை சந்தித்து, அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதிய இந்நூல் 1605ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் வெளிவந்தது.

மூன்றாவதே அவர் பெயரை நிலைநிறுத்திய நூல். இன்காக்களின் அரச உரைகள் என்னும் பொருள்படும் பெயருடன் அதன் முதற்பாகம் ஒன்பது பகுதிகளாக 1609ஆம் ஆண்டில் லிஸ்பனில் அச்சாயிற்று. வரலாறு என்று பெயரிடாமல் உரை என்று பெயரிட்டதில் நுட்பம் உண்டு. ஸ்பானிய ஆசிரியர்களின் நூல்களை மறுக்க வரவில்லை, அவற்றை விளக்கவும் நிறைவு செய்யவுமே வந்துள்ளேன் என்ற பணிவோடு அவர் தொடங்குகிறார். நூல் முழுவதும் நடப்பதோ திருத்தமே. மூலத்தைப் போற்றிக்கொண்டே மூலத்தைச் செப்பஞ்செய்யும் உரையாசிரியர் திறத்தைத் தமிழ் பயின்றோர் நன்கறிவர்.

அவர் கையிலிருந்த கருவி மொழியறிவு. கெச்சுவா மொழியில் ஒலி பிறக்கும் இடம் மாறினால் பொருள் மாறும். வாக்கா என்னும் சொல்லை அண்ணத்தில் ஒலித்தால் வழிபடு பொருள். தொண்டையில் ஒலித்தால் அழுதல். ஸ்பானியர் இவ்வேறுபாட்டை அறியாது எழுதினர் என்று அவர் காட்டுகிறார். ழகர ளகர வேறுபாடு அறியாதவர் தமிழ் நூலுக்குப் பொருள் கூறப் புகுந்ததைப் போன்றதே அது. பெரு என்னும் நாட்டின் பெயரே ஒரு பிழையிற் பிறந்தது என்பது அவர் கூற்று. ஆற்றங்கரையில் பிடிபட்ட ஒருவன் அச்சத்தில் தன் பெயரையும் ஆற்றைக் குறிக்கும் சொல்லையும் உளற, அவற்றைக் கலந்து ஸ்பானியர் நாட்டின் பெயராக்கினர் என்கிறார் அவர்.

இவற்றினும் பெரிய பிழை கஹமார்க்காவில் நிகழ்ந்தது என்பது அவர் கருத்து. அத்தவால்பாவிடம் பாதிரியார் பேசியதை மொழிபெயர்த்த பெலிப்பில்லோ இரு மொழிகளையும் அரைகுறையாகவே அறிந்தவன். ஒன்றான இறைவன் மூன்றாய் இருப்பதாகக் கிறித்தவப் பாதிரியார் கூற, அவன் மூன்றும் ஒன்றும் சேர்ந்து நான்கு எனக் கணக்குச் சொன்னான். மன்னருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இருந்திருப்பின் அத்துணைக் குருதி சிந்தியிராது என்ற ஏக்கம் அவர் எழுத்தில் தொனிக்கிறது. இல்லாமற்போன அந்த மொழிபெயர்ப்பாளனின் இடத்தை, காலங்கடந்தேனும் தாம் நிரப்ப அவர் முயன்றார்.

எழுத்தின் ஆற்றலை விளக்கும் கதையொன்றும் அந்நூலில் உண்டு. பழங்குடியினர் இருவர் பத்து முலாம்பழங்களையும் ஒரு கடிதத்தையும் சுமந்து சென்றனர். வழியில் பழம் தின்ன ஆசை எழுந்தது. கடிதம் பார்த்துவிட்டால் சொல்லிவிடும் என்று அஞ்சி, அதனைச் சுவருக்குப் பின்னே மறைத்துவைத்து இரு பழங்களைத் தின்றனர். பழம் பெற்றவரோ கடிதத்தைப் படித்து இரண்டு குறைவதைக் கண்டுபிடித்தார். படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின், உவாரினா போர் பற்றிய குறிப்பை நினைத்தால், கடிதத்திற்கு அஞ்சியவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பது விளங்கும். கடிதம் உண்மையைக் கூறியது; குதிரை பற்றிய குறிப்போ அவர் நம்பிக்கைப்படி பொய்யைக் கூறியது; இரண்டும் ஒரே வலிமையோடு நம்பப்பட்டன.

மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்கள், நாடளாவிய நெடுஞ்சாலைகள், மாறிமாறி ஓடிச் செய்தி சேர்த்த தூதர், பஞ்ச காலத்திற்கெனத் தானியம் சேமித்த களஞ்சியங்கள், கைம்பெண்டிர் நிலத்தை ஊரார் தம் நிலத்திற்கு முன்னரே உழுது தந்த முறை, பெருங்கற்களால் அமைந்த சக்சைவாமான் கோட்டை என அவர் விவரிப்பவை பல. இளமையிற் கேட்டவையே அவருக்கு முதற்சான்று. குஸ்கோவிலிருந்த பழைய பள்ளித் தோழர்களுக்கு அவர் கடிதம் எழுத, அவர்கள் தத்தம் தாய்வழி ஊர்களின் முடிச்சுக் கணக்குகளிலிருந்து செய்தி திரட்டி அனுப்பினர். அவரைப் போலவே கலப்புக் குடியில் பிறந்த பிளாஸ் வலேரா என்னும் பாதிரியாரின் இலத்தீன் ஏடுகள், 1596ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் காதிஸ் நகரைச் சூறையாடியபோது சிதைந்தன. எஞ்சியவை அவர் கைக்கு வந்து நூலில் இடம்பெற்றன.

1603ஆம் ஆண்டில் குஸ்கோவில் எஞ்சியிருந்த இன்கா குலத்தார், வரிச்சுமையிலிருந்து விடுவிக்குமாறு அரசனிடம் வேண்டத் தம் குலவழியைப் பட்டுத்துணியில் வரைந்து அனுப்பினர். அதில் அடங்கியோர் 567 பேர். அவ்வேண்டுகோளை எடுத்துரைக்குமாறு அவர்கள் நம்பியவருள் கார்சிலாசோவும் ஒருவர். நூற்பணியை விட்டு அரசவைக்குச் செல்ல இயலாத அவர், அங்கிருந்த உறவினரிடம் அவ்வாவணங்களை அனுப்பிவைத்தார். தம் மக்களுக்காக அவர் செய்த முறையீடு அவருடைய நூலே.

குறையும் நிறையும்

கார்சிலாசோவின் கூற்றனைத்தும் அப்படியே கொள்ளத்தக்கன அல்ல. தாய்க்குலத்தை அழித்த அத்தவால்பாவைக் கொடுங்கோலன் என்றே அவர் சித்திரித்தார். இன்காக்களின் போர்களை அன்பால் வென்ற வெற்றிகளாகக் காட்டினார். இன்காக்கள் மனிதப் பலி இடவில்லை என்றார். 1999ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் யுயையாக்கோ மலையுச்சியில் இன்கா காலத்தில் பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அன்புடையார் எழுதும் வரலாற்றிலும் மறைப்பு உண்டு என்பதற்கு இது சான்று. எனினும் ஒரு நாகரிகத்தை அதன் மொழியறிந்து, உள்ளிருந்து விளக்கியதில் அவருக்கு இணையாவார் அக்காலத்தில் மிகச் சிலரே. கலப்பினத்தான் என்னும் சொல் வசையாக வழங்கிய காலத்தில், தம் தந்தையரால் வந்த அப்பெயரை உரக்கச் சொல்லிப் பெருமை கொள்வதாக எழுதிய துணிவும் அவருடையதே.

அந்நூல் வெளிவந்த 1609ஆம் ஆண்டிலேயே மொரிஸ்கோக்களை நாடுகடத்தும் ஆணையும் பிறந்தது. ஒரு தோற்ற இனத்தின் நினைவு அச்சேறிய ஆண்டில், மற்றொன்று கப்பலேறியது.

தூண்களுக்கிடையே துயில்

1591ஆம் ஆண்டு முதல் அவர் கோர்தோபா நகரில் வாழ்ந்தார். அரபு நூல்கள் குர்துபா எனப் போற்றிய நகரம் அது. முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய பெரும் பள்ளிவாசல் 1236ஆம் ஆண்டில் தேவாலயமாக மாற்றப்பட்டிருந்தது. 1612ஆம் ஆண்டில் கார்சிலாசோ அதனுள் ஒரு சிற்றாலயப் பகுதியை விலைக்கு வாங்கித் தம் கல்லறைக்கென அமைத்துக்கொண்டார். 1616ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அரச உரைகளின் இரண்டாம் பாகம் பெருவின் பொது வரலாறு என்னும் பெயரில் அடுத்த ஆண்டு கோர்தோபாவில் வெளிவந்தது. துப்பாக் அமாருவின் கொலை அதன் இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது. தந்தையின் குதிரை பற்றிய உண்மையையும் அந்நூலில் அவர் விளக்கியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவையினருக்கு அவர் அளித்த விடை அது; கேட்க வேண்டியவர்கள் அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் வேறு பலர் கேட்டனர். 1633இல் பிரெஞ்சிலும் 1688இல் ஆங்கிலத்திலும் அந்நூல் மொழிபெயர்க்கப்பட்டது. 1723ஆம் ஆண்டு மாட்ரிட் பதிப்பு பெரு நாட்டு இன்கா வழியினரிடம் பரவியது. அதனைப் படித்தவர்களுள் ஒருவரான ஹோசே காப்ரியேல் கொந்தோர்கான்கி, இரண்டாம் துப்பாக் அமாரு என்னும் பெயருடன் 1780ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி நடத்தி, அடுத்த ஆண்டு குஸ்கோவில் கொல்லப்பட்டார். 1782ஆம் ஆண்டில் அரசு அந்நூற்படிகளைத் திரட்டி அகற்ற ஆணையிட்டது. ஒரு நூலை அரசு அஞ்சியது என்பதைவிட அந்நூலுக்குப் பெரிய பாராட்டு இல்லை. 1978ஆம் ஆண்டில் ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ் கார்சிலாசோவின் சாம்பலில் ஒரு பகுதியைக் குஸ்கோவுக்குக் கொணர்ந்து ஒப்படைத்தார். இருபது வயதில் புறப்பட்டவர் நானூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார்.

மாணவச் செல்வங்களே! அவர் தம் குலத்திற்கு அளித்த செல்வம் பொன்னோ படையோ அன்று. முதியவர் பேசும்போது அருகிருந்து கேட்டார். கேட்டதை மறவாமல் வைத்திருந்தார். வேற்று மொழியைப் பிழையறக் கற்றார். தவறாக எழுதப்பட்டதைச் சரியாக எழுதினார். அன்று அவர் முதியவரிடம் வினவியிராவிட்டால், பொற்கோலின் கதை அவ்வடிவில் நமக்குக் கிட்டியிராது. உங்கள் இல்லத்து முதியவர்களிடமும் எழுதப்படாத செய்திகள் உள்ளன. அவர்கள் பேசும் காலத்திலேயே அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.